இஸ்திரியக்காவின் பதினொரு சட்டை

இஸ்திரியக்காவுக்கு நான் பதினொரு வெள்ளைச் சட்டைக்கான பணம் தர வேண்டியிருந்தது. சட்டை ஒன்றுக்கு நாற்பது ரூபாய் வீதம் மொத்தம் நானூற்று நாற்பது. ஒரு மாதம் இழுத்தடித்தேன். கையில் பணம் இருந்தது. கொடுக்கத்தான் மனசு வரவில்லை.

எங்கள் தெரு வியாபாரிகள் சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டு மலருக்கு, தெருவில் உழைத்து முன்னேறிய ஒருவரைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டார்கள். என்னைப் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் உட்கார்ந்தேன். நாலு நோட்டு தீர்ந்தபோது எனக்கு வயது பதினாறுகூட ஆகவில்லை. அதைப் பார்த்த செயலாளர், "ஐயா, மலர்ல மத்தவங்க விளம்பரமும் வரணும்" என்றார். சரி, எனக்கு அடுத்தபடியாக யார் என்று யோசித்தேன். இஸ்திரியக்காதான்.

ஆனாலும் என்னைப் பற்றி நாலு வரி சொன்னால்தான் அவர் கதை புரியும். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். ஒரு மண்வெட்டி, ஒரு வாளி, கடன் வாங்கிய முப்பது தொட்டி, இவ்வளவுதான் என் முதல். இன்றைக்கு இந்தப் பக்கத்தில் எந்த வீட்டு வாசலில் ஆரஞ்சு மரம் நின்றாலும் இரண்டில் ஒன்று என் நாற்றுப் பண்ணையில் பிறந்தது. விவசாயக் கல்லூரியில் படித்த பிள்ளைகளே என்னிடம் வந்து சந்தேகம் கேட்பார்கள். நானும் தெரிந்ததைச் சொல்வேன், தெரியாததைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்வேன்.

அந்தப் பண்ணைக்கே மூலம் ஒரு தாய்மரம். கொல்லைச் சுவரோரம் நின்ற ஆரஞ்சு மரம் அது. அதிலிருந்து குச்சி வெட்டி வேறு கன்றில் ஒட்டுக் கட்டினால் அதே பழம், அதே இனிப்பு. வருஷத்துக்கு இரண்டாயிரம் கன்று அந்த ஒரு மரத்திலிருந்து இறங்கியது. அது போனால் நான் மறுபடியும் மண்வெட்டியும் வாளியும்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம் இஸ்திரியக்காவின் சலவைக் கடை. இரண்டு கட்டிடமும் ஒரே வீட்டுக்காரருடையது. முன்னறையில் மேஜையும் கரிப்பெட்டியும் அலமாரியும். பின்னால் துணி காயப்போடும் முற்றம். முற்றம் என்று சொல்கிறேனே தவிர, இரண்டு கட்டிலைப் போட்டால் மூன்றாவதை நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். அதில் பாதிக்கு மேல் என் தாய்மரத்தின் கிளைகள் சுவரைத் தாண்டிக் குடை பிடித்தன. கடையின் பின்சுவர் ஆணியில் ஒரு முனையும் என் மரத்தின் கவட்டையில் மறுமுனையுமாக அவர் கொடிக்கயிறு கட்டியிருந்தார். என்னைக் கேட்டுத்தான் கட்டினார். "மரம் தாங்குமாண்ணே?" என்றார். "என் மரம் உன்னையே தாங்கும்" என்றேன்.

என்னைவிட எட்டு வயது சின்னவர். ஆனால் தெருவே அக்கா என்று கூப்பிட்டதால் எனக்கும் அக்காவாகிவிட்டார். பத்தொன்பது வயதில் ஒரு இஸ்திரிப்பெட்டியோடு வந்து கடை போட்டவர். புருஷன் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் மூன்று நாள் வீட்டில் இருப்பார், அந்த மூன்று நாளும் தூங்குவார். ஏழு கிலோ பெட்டியைத் தேய்த்துத் தேய்த்து அக்காவின் வலது கை இடது கையைவிடப் பருத்துவிட்டது. தையல்காரர் இரண்டு கைக்கும் தனித்தனி அளவு எழுதி வைத்திருந்தார். அந்த வலது கை இரண்டு பெண்களைப் படிக்க வைத்தது. ஒருத்தி இன்று நர்ஸ், ஒருத்தி கணக்கு வாத்தியார்.

கையைவிடப் பெரிது கண். கறை பார்க்கும் கண். சட்டையை வெளிச்சத்தில் விரித்து, "இது டீ, இது பேனா மை, இது உங்க வீட்டுக் குழந்தை" என்று வரிசையாகச் சொல்வார். ஒருமுறை என் மேல்சட்டையைப் பார்த்து, "அண்ணே, டாக்டர் வேண்டாம்னு சொன்னதைக் கடையில நின்னுகிட்டே சாப்பிட்டிருக்கீங்க" என்றார். பக்கத்தில் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். அந்த வாரம் எனக்கு வீட்டில் உப்பே கிடையாது.

நான் சொல்லவந்தது இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய சங்கதி. பெரிய ஓட்டல் ஒன்றின் சிப்பந்திகள் போடும் வெள்ளைச் சட்டைகள் மொத்தமும் அக்காவின் கடைக்கு வந்துகொண்டிருந்தன. கடை வருமானத்தில் முக்கால் பங்கு அதுதான். ஒரு நாள் காலையில், நான் தொட்டிக்கு மண் கலந்துகொண்டிருக்கும்போது, சுவருக்கு மேலே ஒரு சட்டை எழுந்தது. பின்னால் அக்காவின் முகம்.

"அண்ணே, இது என்ன?"

"சட்டை."

"முதுகுல பாருங்க."

முதுகில் கடுகு கடுகாகப் பழுப்புப் புள்ளிகள்.

"உங்க மரம் துப்பியிருக்கு. கொடியில கிடக்கும்போது பிசுபிசுன்னு விழுது. ஈரத்துல கண்ணுக்குத் தெரியல. பெட்டியை வச்சதும் கருகிப் பிடிச்சுக்குது. பதினோரு சட்டை போச்சு. மேனேஜர் கூலியில கழிச்சுட்டார்."

"மரம் எங்கேயாவது துப்புமா? உன் கரிப்பெட்டியைத் துடைச்சியா?"

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. இஸ்திரிக்காரரிடம் பெட்டி அழுக்கு என்று சொல்வதும் என்னிடம் உன் கன்று பட்டுப்போகும் என்று சொல்வதும் ஒன்று. அரைமணி நேரம் தெருவே வேலையை விட்டுவிட்டு எங்கள் சண்டையைக் கேட்டது. கடைசியில் வீட்டுக்காரர் வந்தார். ஓட்டல் மேனேஜர் அவருக்குத் தெரிந்தவர். இன்னொரு சட்டை கறைபட்டால் வேலையை வேறு கடைக்கு மாற்றிவிடுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். வேலை போனால் அக்காவால் வாடகை தர முடியாது.

"முப்பது நாள் தர்றேன்" என்றார் வீட்டுக்காரர். "அதுக்குள்ள மரம் ஒழுகுறது நிக்கணும். இல்லேன்னா மரத்தை வெட்டிடுவேன். அந்தப் பதினோரு சட்டைக்கும் நீங்க பணம் குடுத்துடுங்க."

"ஒழுகுறதை நிறுத்தறேன். பணம் தரமாட்டேன்" என்றேன். பணம் கொடுத்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடாதா?

எனக்கு வியாதி தெரியாமல் இல்லை. மாவுப்பூச்சி. இலைக்கு அடியிலும் குருத்திலும் வெள்ளை மாவைத் தூவினாற்போல் உட்கார்ந்து சாறு உறிஞ்சும். நல்ல சரக்கு மருந்தாக வாங்கி, டப்பாவில் எழுதியிருந்த அளவுக்கு இரண்டு பங்கு கலந்து பம்ப்பால் அடித்தேன். பத்து நாளில் மூன்று தடவை. மரத்தடியில் பொறிவண்டுகள் சிவப்புப் பாசிமணி கொட்டினாற்போல் செத்துக் கிடந்தன. மாவுப்பூச்சி மாவுக்குள் சௌக்கியமாக இருந்தது. அது மட்டுமா, முன்னைவிடப் பெருகி, இலையெல்லாம் கரி பூசினாற்போல் கறுத்தும் போயிற்று.

எறும்புகளும் சாகவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான். என் தொழில் ரகசியம் ஒன்றை இப்போது சொல்லிவிடுகிறேன். தாய்மரத்தில் எப்போதும் எறும்பு ஏறும். அதை நான் கலைக்கவே விடமாட்டேன். கன்று வாங்க வருகிறவர்களை அழைத்துப் போய், "பாருங்க, எறும்பு வரிசை கட்டி ஏறுது. இனிப்பு இல்லாத மரத்துல ஏறுமா? இதைவிட சாட்சி வேணுமா?" என்பேன். மறுபேச்சு இல்லாமல் இரண்டு கன்று கூடுதலாக வாங்கிப் போவார்கள். எறும்பு வெள்ளைப் பூச்சியை வாயில் கவ்விக்கொண்டு போவதையும் காட்டி, "நமக்குச் சம்பளம் இல்லாத காவல்காரன். பிடிச்சுத் தின்னுட்டுப் போறான்" என்பேன். பதினைந்து வருஷம் இதைச் சொல்லி விற்றிருக்கிறேன்.

பதினோராம் நாள் அக்கா ஸ்டூலோடு என் கொல்லைக்குள் வந்தார். சண்டைக்குப் பிறகு முதல் தடவை.

"பேச வரல. கறை என்னன்னு பார்க்க வந்தேன்" என்றார்.

"பார்த்துதான் சொல்லேன்."

"சொல்றேன். பெட்ரோல்ல போகல, அப்ப எண்ணெய் இல்ல. வெந்நீர்ல போகுது. சூடு பட்டா பாகு மாதிரி கருகுது. கெட்டுப்போன சட்டை ஒண்ணை மூலையில போட்டிருந்தேன், விடிஞ்சு பார்த்தா எறும்பு மொய்க்குது. நாக்குல வச்சுப் பார்த்தேன்."

"சட்டையை நக்கினியா!"

"நான் குடுத்த காசுண்ணே, நக்காம என்ன பண்றது? சர்க்கரைதான். உங்க மரம் சர்க்கரைத் தண்ணி சொட்டுது."

ஸ்டூலின் மேல் ஏறி ஒரு கிளைக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். மணி இரண்டிலிருந்து நாலு வரை. நான் வேலை பார்ப்பது போல் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தேன். கடைசியில், "அண்ணே, இங்க வாங்க, சத்தம் போடாம" என்றார், ஏதோ எறும்புக்குக் காது கேட்கும் என்பது போல.

ஏறிப் பார்த்தேன். ஒரு எறும்பு மாவுப்பூச்சியின் பின்பக்கத்தை மீசையால் தட்டியது. டொக் டொக் என்று கதவைத் தட்டுவதைப் போல. பூச்சியின் வாலில் கண்ணாடி மாதிரி ஒரு சொட்டு வந்தது. எறும்பு அதைக் குடித்துவிட்டு அடுத்த பூச்சிக்குப் போய்த் தட்டியது.

"பால் கறக்குது" என்றார் அக்கா. "நாள்பூரா இதுதான் வேலை. இதுங்க குடிச்சு மீந்ததுதான் என் சட்டைல விழுது. இப்ப அந்தப் புழுவைப் பாருங்க."

செத்தது போக மிச்சமிருந்த பொறிவண்டு எதுவோ போட்ட குஞ்சு போலிருக்கிறது, முள் முள்ளாக ஒரு புழு கிளையில் ஊர்ந்து வந்தது. மாவுப்பூச்சியைத் தின்ன நெருங்குவதற்குள் நாலு எறும்பு பாய்ந்து காலைக் கடித்து இழுத்துக் கீழே தள்ளின.

"காவல்காரன்தான்" என்றார் அக்கா. "ஆனா உங்களுக்கு இல்ல."

நான் விடுவேனா? "அப்படின்னா ஏன் கவ்விக்கிட்டுப் போகுது? தின்னத்தானே?"

"பின்னாலேயே போய்ப் பார்த்தா தெரிஞ்சுடும்."

போனோம். அறுபது கிலோவில் ஒருத்தரும் எண்பது கிலோவில் ஒருத்தரும், ஒரு எறும்பின் பின்னால். ஸ்டூலை மூன்று தடவை மாற்றிப் போட்டோம். காய்ந்த பழைய குச்சியில் இருந்து ஒரு சின்னப் பூச்சியைக் கவ்விய எறும்பு, கவட்டை வழியாக இறங்கி, வேறு கிளையில் ஏறி, நேற்று விட்ட இளங்குருத்து வரைக்கும் போயிற்று. அங்கே பூச்சியைப் பத்திரமாக இறக்கி வைத்தது. பூச்சி நகர்ந்து ஒரு இடம் பார்த்து உட்கார்ந்து மூக்கைக் குத்திக்கொண்டது. எறும்பு ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

பழைய இடத்தில் சத்து குறைந்தால் புது இடத்தில் நட வேண்டும், இளசான இடமாகப் பார்க்க வேண்டும், நட்ட பிறகு ஒருதரம் அசைத்துப் பார்க்க வேண்டும். என் தொழில்! என் மரத்திலேயே, எனக்கு வாடகை தராமல், இன்னொருத்தன் நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறான். நான் பதினைந்து வருஷமாக அவனுக்கு ஆள் கூட்டிக் காட்டியிருக்கிறேன்.

"காவல்காரனுக்குச் சம்பளம் இல்லேன்னு சொன்னீங்களே" என்று சிரித்தாள் பின்னால் வந்து நின்ற என் மனைவி. "உங்க மரத்துலயே எடுத்துக்கிட்டான்."

அன்று சாயங்காலமே அடிமரத்தைச் சுற்றிப் பழைய துணிப்பட்டை ஒன்றை இறுக்கிக் கட்டி, அதன் மேல் அக்கா புருஷனின் லாரி கிரீஸைத் தடவினோம். தூங்கி எழுந்த லாரிக்காரர் கொல்லையை எட்டிப் பார்த்துவிட்டு, "மரத்துக்கு சர்வீஸா?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் தூங்கப் போனார். ஏறிவந்த எறும்பெல்லாம் பட்டைக்குக் கீழே நின்று மீசையை ஆட்டின. நான் தெருமுனை வரை போய் நாலு பேரிடம் என் யோசனையைச் சொல்லிவிட்டு வந்தேன். யோசனை என்னுடையதுதான். கிரீஸ் அவர்களுடையது.

அடுத்தது மரத்தைக் கழுவுவது. அக்கா தன் கடைச் சோப்பைச் சீவி வெந்நீரில் கரைத்து, ஆறவைத்து வாளியில் கொண்டுவந்தார். "மருந்துக்கு அசையாத அழுக்கு சோப்புக்கு அசையும்" என்றார். ஏணி போட்டு, அவரும் நானும் என் மனைவியும் ஆளுக்கொரு துணியோடு, இலைக்கு அடியிலும் மேலும் துடைத்து நல்ல தண்ணீரால் அலசினோம். நான் ஐந்து இலை துடைப்பதற்குள் அக்கா பதினைந்து துடைத்தார், நான் துடைத்ததில் இரண்டைத் திரும்பவும் துடைத்தார். கடை மூடிய பிறகு வெளிச்சம் இருக்கும் வரை, ஐந்து நாள். அந்தக் கை வலிக்குமே என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஆறாம் நாள் மரத்தில் மறுபடியும் எறும்பு.

கிரீஸ் பட்டையைப் பார்த்தேன், அப்படியே இருக்கிறது. ஒரு எறும்புகூட அதைத் தாண்டவில்லை. ஆனால் மேலே வரிசை ஓடுகிறது. வானத்திலிருந்தா இறங்கும்? நாலு நாள், பட்டைக்கு மேல் இன்னொரு பட்டை, அதற்கு மேல் இன்னொன்று என்று கட்டினேன். மரம் கையில் அடிபட்டவன் போல் நின்றது. எறும்பு கவலைப்படவில்லை. முப்பது நாளில் இன்னும் ஒன்பதுதான் பாக்கி.

மறுநாள் மதியம் சுவருக்கு மேல் அக்காவின் முகம் தெரிந்தது. வழக்கத்துக்கு மாறாக மெதுவான குரல்.

"அண்ணே. இங்க வந்து பாருங்க. திட்டக்கூடாது."

போனேன். ஒரு சட்டையின் தோளில் மாட்டிய கிளிப்பை அவர் காட்டினார். கிளிப்பின் மேல் ஏறி, இறங்கி, கயிற்றோடு ஒரு எறும்பு. அதற்குப் பின்னால் ஒன்று. அதற்குப் பின்னால் நூறு. கடையின் பின்சுவரில், கரி அடுப்பின் சூடு படும் இடத்தில் ஒரு விரிசல் இருந்தது. அதற்குள் புற்று. அங்கிருந்து ஆணி, ஆணியிலிருந்து கொடிக்கயிறு, கொடிக்கயிற்றிலிருந்து நேரே என் மரத்தின் கவட்டை. நான் வாசலைப் பூட்டிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றிருக்கிறேன், அவர்கள் பாலம் வழியாகப் போய்வந்துகொண்டிருக்கிறார்கள்.

"அப்ப இது உன் வீட்டு எறும்பு!" என்றேன்.

"என் வீட்டு எறும்பு, உங்க வீட்டுப் பூச்சி" என்றார். "நான் போட்ட கயிறு."

இங்கேதான் வாசகர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அவர் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. கயிறு அவர் முற்றத்தில், எறும்பு அவர் கிளிப்பில். ராவோடு ராவாகக் கயிற்றை அவிழ்த்துவிட்டு முழுப் பழியையும் என் மரத்தின் மேலேயே விட்டிருக்கலாம். என்னை அந்த இடத்தில் வைத்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று என் மனைவி கேட்டாள். நான் சிமெண்ட் வாங்கக் கிளம்பிவிட்டேன்.

அவரே கயிற்றை அவிழ்த்தார். விரிசலில் நான் கொதிநீர் ஊற்றி, சிமெண்ட் வைத்துப் பூசினேன். முற்றத்தில் இரண்டு இரும்புக் குழாய் நட்டு அதில் கொடி கட்டிக் கொடுத்தேன். குழாய் என் செலவு, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கடைச் சுவரைத் தொட்ட கிளை நுனிகளையும் வெட்டிவிட்டேன். காவல் போனதும் அந்த முள் புழுக்கள் எங்கிருந்துதான் வந்தனவோ! கழுவியதில் தப்பிய மாவுப்பூச்சிகளை ஒன்றுவிடாமல் மேய்ந்தன. பழக்கத்தில் ஒன்றை நசுக்கப் போனேன். "கையை எடுங்க" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. எப்படித்தான் பார்த்தாரோ.

முப்பதாம் நாள் ஓட்டல் மேனேஜரும் வீட்டுக்காரரும் வந்தார்கள். வீட்டுக்காரர் கூடவே ரம்பக்காரர் ஒருவரையும் அழைத்து வந்திருந்தார். அக்கா இருபது வெள்ளைச் சட்டைகளை நனைத்து, கிளைகளுக்கு நேர் கீழே வரிசையாக மாட்டினார். "காயட்டும். எல்லாரும் உட்காருங்க" என்றார். மூன்று மணி நேரம். ரம்பக்காரர் மர நிழலில் படுத்துக் குறட்டை விட்டார். நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன்.

காய்ந்ததும் பெட்டியில் கரி போட்டு ஒவ்வொன்றாகத் தேய்த்தார். தேய்த்ததை வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார், மடிப்பார், அடுத்தது. பதினேழாவது சட்டையில் கை நின்றது. முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இது உங்க ஓட்டல் குழம்பு சார்" என்று மேனேஜரிடம் காட்டினார். "மரத்தோட கணக்குல சேராது."

இருபதும் சுத்தம். மேனேஜர் வேலை இங்கேயே இருக்கட்டும் என்றார். ரம்பக்காரரை எழுப்பி, பண்ணையிலிருந்து ஒரு ஆரஞ்சுக் கன்று கொடுத்து அனுப்பினேன். இன்றைக்கு அந்தத் தாய்மரத்துக்கு வயது நாற்பத்தொன்று. அக்காவின் கடையில் மின்சாரப் பெட்டி நாலு ஓடுகிறது. ஆனாலும் வாரம் ஒருதரம் சுவரோரம் வந்து இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் போவார். நானும் இப்போதெல்லாம் வாங்க வருகிறவர்களிடம், எறும்பு ஏறாத மரம் என்று காட்டித்தான் விற்கிறேன்.

எல்லாரும் போன பிறகு அன்று நான் பணப்பையை எடுத்துக்கொண்டு கடைக்குள் போனேன். பெட்டி ஆறிக்கொண்டிருந்தது.

"பதினோரு சட்டை. நானூத்தி நாப்பது" என்றேன்.

"பாதி போதும்ண்ணே. கயிறு என்னோடது. எறும்பும் என்னோடது. இருநூத்தி இருபது குடுங்க."

"நான் பாதி குடுக்கிற ஆள் இல்ல."

"நானும் முழுசு வாங்கற ஆள் இல்ல."

"அப்ப என்னதான் பண்றது?"

அக்கா மேஜை விளிம்பில் ரசீதுத் தாளை வைத்து எழுத ஆரம்பித்தார். எழுதும்போது உதடு அசைந்தது. சட்டைக்குப் பாதி, இருநூற்று இருபது. அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதி, தாளை என் பக்கம் திருப்பினார். மரம் ஒன்று, சலவைக் கூலி, ஐந்து நாள், சோப்பு உட்பட, இருநூற்று இருபது.

"மரத்துக்குச் சலவைக் கூலியா?"

"பின்ன? என் கடைல இலவசமா எதையாவது வெளுத்து அனுப்பியிருக்கேனா?"

மொத்தத்தைப் பார்த்தேன். என் மனைவி கதவோரம் நின்று வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். அக்கா வலது கையை நீட்டினார். அந்தப் பெரிய கை. உள்ளங்கையில் பெட்டிச் சூடு பட்ட பழைய தழும்புகள், விரலிடுக்கில் இன்னும் போகாத லாரி கிரீஸ். நான் நோட்டை ஒவ்வொன்றாகப் பிரித்து, சத்தமாக எண்ணி, அதில் வைத்தேன். நூறு, இருநூறு, முந்நூறு, நானூறு. பிறகு இரண்டு இருபது.